தென்மேற்குப் பெருவழி

காகித மாட்டின் வால் காற்றில் பிய்ந்துவிட்டது. குவோ ஹெங் அதை மடியில் வைத்துக்கொண்டு கோந்து தடவிக்கொண்டிருந்தான். மாடு அவன் இடுப்பு உயரம் இருந்தது. மூங்கில் சட்டம், மஞ்சள் காகிதம், கண்ணுக்குக் கறுப்பு மை. மாடிப்படியில் ஏறாது என்று கீழே முற்றத்திலேயே, சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். குடியிருப்பில் போகிறவர்கள் வருகிறவர்கள் முதலில் மாட்டைப் பார்த்தார்கள், பிறகு அவனைப் பார்த்தார்கள், பிறகு வேகமாக நடந்தார்கள்.

செத்தது ஆண் என்றால் குதிரை, பெண் என்றால் மாடு. ஒரு பெண் உயிரோடு இருந்த காலமெல்லாம் கொட்டிய அழுக்குத் தண்ணீரை அந்தப் பக்கம் போய் அவளே குடித்துத் தீர்க்க வேண்டும். மாடு கூடப் போனால் அவளுக்குப் பதில் அது குடித்துவிடும்.

மாமியார் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து மாட்டின் கழுத்துக்குச் சிவப்புத் துணி கிழித்துக்கொண்டிருந்தாள்.

"அவ எங்க பாத்திரம் கழுவினா? கழுவினது பூரா நீ. மாடு உனக்குத்தான் வாங்கியிருக்கணும்" என்றாள்.

"எனக்குக் குதிரைதான் தருவாங்க."

"குதிரை குடிக்காது. நீயேதான் குடிக்கணும்."

சொல்லிவிட்டு, சிரிக்கப் போகிறவள் போல வாயைத் திறந்தாள். திறந்தபடியே கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு மூடிக்கொண்டாள்.

ருயிலின் இறந்தது முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை மதியம். அவளுக்கு முப்பது வயது. சனிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தவள் குளியலறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்திருந்தது. அப்போது ஹெங் நிலையத்தில் இருந்தான். கட்டுப்பாட்டு அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது; வாசலில் இருக்கும் தகரப் பெட்டியில் போட்டுவிட்டுப் போக வேண்டும். வேலை முடிந்து பெட்டியைத் திறந்தபோது பதினொரு அழைப்புகள் இருந்தன. பத்து கீழ்வீட்டு அக்காவிடமிருந்து. முதலாவது ருயிலினிடமிருந்து.

ஆஸ்பத்திரியில் ஒரு பகலும் ஓர் இரவும் அவள் பக்கத்தில் இருந்தான். ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டிலுக்கு மேலே இருந்த திரையில் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தான். நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு. எட்டு வருட வேலைப் பழக்கம். எண்கள் இறங்க இறங்க, எந்த வேகத்தில் இறங்குகின்றன என்று மனதுக்குள் கணக்குப் போட்டான். நர்ஸ் வந்து அவன் தோளைத் தொட்டபோதுகூடத் திரையைத்தான் காட்டினான்.

இருவரும் ஒரே இடத்தில்தான் வேலை பார்த்தார்கள். சோங்ஹுவா ஆற்றுக்கு மேற்கே, நெல்வயல்களுக்கு நடுவில், துருவம் விட்டுத் துருவம் சுற்றும் வானிலைச் செயற்கைக்கோள்களோடு பேசும் நிலையம். விடியற்காலையில் ஒன்று, முற்பகலில் ஒன்று, பிற்பகலில் ஒன்று என்று கோள்கள் வடக்கே எழுந்து தலைக்கு மேலே ஓடித் தெற்கே இறங்கும். பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம்தான் கண்ணில் படும். அதற்குள் அது சேர்த்து வைத்திருக்கும் மேகம், காற்று, கடல் வெப்பம் எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ள வேண்டும். மின்கலமும் அதைத் திருப்பி நிறுத்தும் சக்கரங்களும் நலமா என்று பார்க்க வேண்டும். அது ஹெங்கின் வேலை. கோளைப் பின்தொடர்ந்து திரும்பும் பன்னிரண்டு மீட்டர் அலைவாங்கித் தட்டு ருயிலினின் பொறுப்பு. மைனஸ் முப்பதிலும் தட்டின் அடிக்கூட்டுக்குள் ஏறிப் பற்சக்கரங்களுக்குக் கிரீஸ் வைப்பாள். இறங்கி வரும்போது கன்னத்தில் ஒரு கறுப்புக் கோடு இருக்கும். நான்கு வருடத்துக்கு முன்னால், அதைத் துடைத்துக்கொள்ளச் சொன்னதுதான் அவன் அவளிடம் வேலை தவிர்த்துப் பேசிய முதல் பேச்சு.

நவம்பரில் மூன்றே முக்காலுக்கெல்லாம் வெளிச்சம் போய்விடும். மூன்று மணிக்குச் சடங்குக்காரர் ஃபூ வந்தார். மாட்டை எரிக்க இடம் பார்த்தார். நிலையத்திலிருந்து வந்திருந்த தியென் அண்ணன் எங்கிருந்தோ ஒரு பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்தின் நடுவில் போட்டார்.

அந்த ஊரில் மாட்டை எரிக்கும்போது வழி காட்ட வேண்டும். செத்தவரின் பிள்ளை பெஞ்சின் மேல் ஏறி நின்று, ஒரு கழியைத் தென்மேற்கே நீட்டி, தென்மேற்குப் பெருவழியில் போ என்று மூன்று தடவை கூப்பிட வேண்டும். அப்போதுதான் போகிறவருக்குத் திசை தெரியும்.

"யாரு ஏறறது?" என்று ஃபூ கேட்டார்.

ஹெங்குக்கும் ருயிலினுக்கும் பிள்ளை இல்லை. வசந்தத்தில் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ருயிலினுக்கு உடன்பிறந்தவரும் இல்லை. அக்கா தங்கை பிள்ளைகள் என்று கூப்பிடவும் ஆள் இல்லை.

ஃபூ நல்ல மனிதர். இந்த மாதிரிச் சாவுகளை நிறையப் பார்த்திருப்பதாகவும், இளவயதில் பிள்ளையில்லாமல் போனால் பெஞ்சு போடாமலே விட்டுவிடுவதும் உண்டு என்றும், அதில் குற்றமில்லை என்றும் மெதுவாகச் சொன்னார். ஹெங் பெஞ்சை நோக்கி இரண்டு எட்டு வைத்தான். அவன் அம்மா சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஃபூவும் தலையசைத்துத் தடுத்தார். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே தலைமுறை வரிசை. வழி காட்டுவது கீழ்வரிசை ஆள் செய்ய வேண்டியது. அதோடு, பெண்டாட்டியை எரிக்கும் இடம்வரை கூடப் போகிறவனும் அவளுக்காகப் பெஞ்சில் ஏறுகிறவனும் இனி எவளையும் கட்டமாட்டேன் என்று ஊருக்குச் சொன்னதாக அர்த்தம். முப்பத்தோரு வயதில் அதைச் சொல்ல யாரும் விடமாட்டார்கள்.

"எம்மவன நான் விடமாட்டேன்" என்றாள் அவன் அம்மா. அதை மாமியாரைப் பார்த்துச் சொல்லவில்லை. மாட்டைப் பார்த்துச் சொன்னாள்.

மாமியார் அவள் பக்கம் திரும்பி, "நானும் விடமாட்டேன்" என்றாள். பிறகு ஃபூவிடம், "ஆனா அவளுக்குத் திசையே தெரியாதுங்க" என்றாள். "கடைக்குள்ள ஒரு வாசல்ல போனா வேற வாசல்ல வந்து நிப்பா. பஸ் மாறி ஏறிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போயிட்டு எனக்குப் போன் பண்ணுவா. எத்தன டிகிரின்னு சொன்னாத் தெரியும்பா. தெருவு பேரச் சொன்னாத் தெரியாது."

தியென் அண்ணன் பெஞ்சை எடுத்துக் கொட்டகையின் சுவரோரம் வைத்தார்.

மாட்டைக் கொளுத்தினார்கள். வால்தான் முதலில் பற்றியது. ஐந்து நிமிடத்தில் மூங்கில் மட்டும் நின்றது, பிறகு அதுவும் உட்கார்ந்தது. எந்தப் பக்கமும் யாரும் எதையும் காட்டவில்லை. காற்று வடமேற்கேயிருந்து அடித்ததால் சாம்பல் ஆற்றுப் பக்கம் போனது. மாமியார் அது போகும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி ஹெங்கிடம், அது தென்மேற்கா என்று கேட்டாள். தென்கிழக்கு என்று அவன் சொன்னான். பொய் சொல்லியிருக்கலாம் என்று மாடிப்படி ஏறும்போதுதான் தோன்றியது.

மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு அவளைக் கொண்டுபோனார்கள்.

பெற்றவள் பிள்ளையை எரிக்கப் போகக் கூடாது. புருஷனும் போகக் கூடாது. ஆகவே போகக்கூடிய உறவுகள் இரண்டு பேர்தான் மிஞ்சினார்கள்: ஒரு பெரியப்பா மகன், அவன் மனைவி. இதைக் கேள்விப்பட்டு நிலையத்துத் தலைவி வென் அம்மாள் ஒரு முடிவு எடுத்திருந்தாள். இரண்டே பேரோடு அந்தப் பெண் போகக் கூடாது, கையில் வேலை இல்லாத ஒவ்வொருவரும் வர வேண்டும் என்று சொல்லிவிட்டாள். நிலையத்து வேன் நிறைய ஆள். எல்லோர் கையிலும் வெள்ளைத் துணி. ஹெங் மாடி ஜன்னலிலிருந்து எண்ணினான். பதினேழு பேர். அவளைத் தெரிந்த கிட்டத்தட்ட எல்லோரும் அந்த வேனில் இருந்தார்கள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பின்விளக்கு கிழக்கே திரும்பி மறைந்தது.

வீட்டில் மூன்று பேர். ஹெங் இரண்டு பேரையும் அம்மா என்றுதான் கூப்பிடுவான். இந்த மூன்று நாளாக அவன் கூப்பிட்டால் இருவரும் திரும்பினார்கள். அதனால் கூப்பிடுவதை விட்டுவிட்டான். அவன் அம்மா கஞ்சி வைத்தாள். மாமியார் ருயிலினின் அலமாரியைத் திறந்தாள், மூடினாள். யாரும் விளக்குப் போடவில்லை.

ஆறு மணிக்குப் போன் அடித்தது. தியென் அண்ணன்.

"எழுப்பிட்டேனா?"

"இல்லண்ணே."

"ஆமா. எப்படித் தூங்குவ." டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது. "அங்க எல்லாரும் போயிட்டாங்களா?"

"அஞ்சரைக்கே போயிட்டாங்க."

"நம்ம வேனும்?"

"அதுவும்தான்."

"சரி. ஒண்ணுமில்ல. வச்சிடறேன்."

ஆனால் வைக்கவில்லை. கடைசியில் அவர் சொன்னார். வேலை இல்லாதவர்கள் எல்லோரும் போகலாம் என்று தலைவி சொன்னபோது யாரும் அட்டவணையை எடுத்துப் பார்க்கவில்லை. அட்டவணை ஒன்றாம் தேதியே போட்டு ஒட்டியது. ஒவ்வொருவரும் தன் பெயர் இன்று இல்லை என்று மட்டும் பார்த்துக்கொண்டு வேனில் ஏறிவிட்டார்கள். தியென் தன் பெயர் இருக்கிறது என்று பார்த்து நின்றுவிட்டார். பக்கத்துப் பெயரை அவரும் பார்க்கவில்லை.

"இப்பத்தான் பாத்தேன். என்கூட இன்னிக்குக் காலைல..." என்று நிறுத்தினார்.

அந்தப் பெயரை அவர் சொல்லத் தேவையில்லை. செவ்வாய்க்கிழமை விடியற்காலை வேலை என்று ருயிலின் போன வாரம் சலித்துக்கொண்டது ஹெங்குக்கு நினைவிருந்தது.

"எத்தன மணிக்கு?"

"ஆறு நாப்பத்திரெண்டு. எண்பத்தெட்டு டிகிரி. உச்சியில போகுது. அங்க போனவங்க ஒருத்தரும் போன் எடுக்கல, எடுக்கவும் மாட்டாங்க. நான் தனியாப் பாத்துக்கறேன், நீ வெறுமனே..."

"தனியாப் பாக்கக் கூடாதுண்ணே. வரேன்."

வாசலில் அவன் காலணி இல்லை. அவன் அம்மா கஞ்சிக் கரண்டியோடு சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். நிலையத்துக்குத்தான் போகிறேன், ஆள் இல்லை என்று அவன் இரண்டு தடவை சொன்னான். இன்றைக்கு எவன் வேலைக்குக் கூப்பிடுவான், நீ கிழக்கேதான் போவாய், எனக்குத் தெரியும் என்றாள். அவள் அழுதுகொண்டிருந்தாள். அவன் வெறுங்காலோடு கதவைத் திறந்தான்.

மாமியார் அறைக்குள் போனாள். தன் மெத்தைக்கு அடியிலிருந்து காலணியை எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தாள். ஒளித்தது இருவரும் சேர்ந்துதான் போலிருக்கிறது.

"எங்க போறேன்னு நான் கேக்கல" என்றாள்.

மின்சார ஸ்கூட்டரைப் பெரிய சாலைவரை ஓட்டினான். சிக்னலில் சிவப்பு விழுந்தது. தெருவில் அவனைத் தவிர யாரும் இல்லை. இடது பக்கம் போனால் பதினைந்து நிமிடத்தில் தகனக் கூடம். அவள் முறை வருவதற்குள் போய்விடலாம். வலது பக்கம் போனால் நிலையம். விளக்கின் கீழே எண்கள் இறங்கின. அவன் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுழியம் வந்து பச்சை விழுந்தபோது வலது பக்கம் திரும்பினான். திரும்பிய பிறகு, தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது உச்சியில் வரும் கோளைப் பற்றித்தான் என்று தெரிந்தது. கொஞ்ச தூரம்வரை அது அவனுக்கு அசிங்கமாக இருந்தது.

தியென் அண்ணன் அட்டவணைக்கு முதுகைக் கொடுத்து நின்றிருந்தார். ஐம்பது வயது, யாரையாவது கேலி செய்யாமல் ஒரு நாளும் இருக்க மாட்டார். அன்று கையில் தேநீர் டம்ளரை வைத்துக்கொண்டு, குடிக்காமல் நின்றார். ஹெங் போனைத் தகரப் பெட்டியில் போட்டான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். அதன் முதுகில் ருயிலினின் கம்பளி மேலுறை மாட்டியிருந்தது. அதைத் தியென் எடுத்துவிடுவார் என்று நினைத்தான். எடுக்கவில்லை.

உச்சியில் வரும் கோள்தான் கஷ்டம். தூரத்தில், தாழ்வாகப் போவதைத் தட்டு நிதானமாகப் பின்தொடரும். நேர் தலைக்கு மேல் வரும்போது ஒரே நொடியில் முழுதாகத் திரும்ப வேண்டியிருக்கும். அவ்வளவு வேகமாக அதனால் திரும்ப முடியாது. அத்தனை கிட்டத்தில் வந்தும் கைவிட்டுப் போய்விடும். அதற்காகத் தட்டை முன்கூட்டியே ஏழு டிகிரி ஒரு பக்கம் சாய்த்து வைப்பார்கள். எந்தப் பக்கம் என்று ஒருவர் படிக்க வேண்டும், மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொன்ன பிறகுதான் பொத்தான். அங்கே எந்த எண்ணும் ஒரு வாயிலிருந்து மட்டும் போகாது.

"சாய்வு மேற்கே ஏழு" என்று ஹெங் படித்தான்.

"சாய்வு மேற்கே ஏழு."

இணைப்பில் பெய்ஜிங் மையம் வந்தது. இளம்பெண் குரல். யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டது.

"தியென், குவோ."

"ருயிலின் அக்கான்னு இல்ல போட்டிருக்கு இங்க?"

தியென் ஹெங்கைப் பார்க்கவில்லை. "ஆள் மாத்தம்" என்றார்.

"சரி. அக்காட்ட நான் கேட்டேன்னு சொல்லுங்க."

கோள் சரியாக வடக்கில் எழுந்தது. மின்கலம் சரி. சக்கரங்கள் நாலும் சரி. எண்கள் வரிசை வரிசையாகப் பச்சையில் வந்தன. ஹெங் படித்தான், தியென் திருப்பிச் சொன்னார். உச்சியில் தட்டு ஒரு கணம் முனகியது, பிடி விடவில்லை. பன்னிரண்டரை நிமிடத்தில் தெற்கே வயல்களுக்கு அப்பால் கோள் இறங்கியது. சமிக்ஞை நின்றது. ஒரு வரிகூட விட்டுப்போகவில்லை என்று பெய்ஜிங் சொல்லி விடைபெற்றது. மணி ஆறு ஐம்பத்தைந்து.

இனி தட்டை வானம் பார்க்க நிமிர்த்தி வைக்க வேண்டும். தியென் அதற்கான தாளை எடுத்தார்.

"அண்ணே, ஒரு நிமிஷம்."

ஹெங் தாள் எதையும் எடுக்கவில்லை. இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டு, வேலைக்குரிய குரலில் படித்தான்.

"திசை இருநூத்தி இருபத்தஞ்சு."

தியெனின் கை நின்றது. வடக்கில் தொடங்கி எண்ணினால் இருநூற்று இருபத்தைந்து என்பது தெற்குக்கும் மேற்குக்கும் சரிபாதி. அந்தத் திசையில் எந்தக் கோளும் இப்போது இல்லை. அடுத்தது வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. வேலையில்லாமல் தட்டைத் திருப்பக் கூடாது. திருப்பினால் எந்த நொடியில், எந்தத் திசையில், எத்தனை நேரம் என்று எல்லாம் தானாகவே பதிவாகும்.

தியென் கடிகாரத்தைப் பார்த்தார். தகனக் கூடத்தில் அவளுடைய முறை வந்திருக்கும். பெயர் கூப்பிட்டிருப்பார்கள்.

ஹெங் மறுபடி படிக்கவில்லை. ஒரு எண்ணை இரண்டு தடவை படிப்பது வழக்கமில்லை. காத்திருந்தான்.

தியென் டம்ளரைக் கீழே வைத்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"திசை இருநூத்தி இருபத்தஞ்சு" என்றார்.

"உயரம் அஞ்சு."

"உயரம் அஞ்சு."

"சாய்வு சுழியம்."

"சாய்வு சுழியம்."

பொத்தானை ஹெங் அழுத்தினான். ஜன்னலுக்கு வெளியே தட்டு அசைந்தது. வசந்தத்தில் ருயிலின் கிரீஸ் வைத்தது, இந்தத் தடவை சத்தமே வரவில்லை. மெதுவாகத் திரும்பி, மெதுவாகக் குனிந்து, வயல்களுக்கு மேலே ஓரிடத்தில் நின்றது. அந்தப் பக்கம் சாலையும் இல்லை, வீடும் இல்லை. அறுத்த நெல்தாளும் மின்கம்பமும்தான். ஹெங் அன்று முதல் தடவையாகத் திரையை விட்டு எழுந்து ஜன்னலுக்குப் போனான். கண்ணாடியில் நெற்றி பட நின்றான்.

பதினொரு நிமிடம் தட்டு அப்படியே நின்றது. பிறகு ஹெங்கே வந்து உட்கார்ந்து, நிமிர்த்துவதற்கான எண்களைப் படித்தான். தியென் திருப்பிச் சொன்னார்.

பதிவேட்டில் ஒவ்வோர் அசைவுக்கும் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. தியென் பேனாவை எடுத்து அந்தக் கட்டத்தின் மேல் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். குளிர்காலத்தில் தட்டில் பனி தங்கினால் அதைக் குனியவைத்துக் கொட்டுவார்கள். வருடத்துக்கு இருபது, முப்பது தடவை எழுதுகிற காரணம்தான். 'பனி அகற்றல்' என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். இரண்டாவது கையெழுத்துக்காகப் பதிவேட்டை ஹெங் பக்கம் நகர்த்தினார்.

ஹெங் அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

வெளியே நன்றாக விடிந்துவிட்டது. வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. நிலையத்து முற்றம், வேன் போன தடத்தில் புழுதியோடு, உலர்ந்து கிடந்தது. அந்தக் குளிர்காலத்தில் இன்னும் பனியே விழவில்லை.